அண்ணியை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

என் கூடப்பிறந்த ஏழுமலை அண்ணனுக்கு,

உன் தங்கை பச்சையம்மாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்க வழியில்லை. நீ போய் மூன்றாவது ஆடி வரப்போகிறது. நைனா இருக்கிறார். மல்லிகா இருக்கிறாள், ஒரு பல் விழுந்து இன்னொன்று முளைக்கிறது. நான் அதே பள்ளிக்கூடத்தில்தான் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருக்கிறேன். அண்ணி இருக்கிறாளா என்று நீ கேட்டால் மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. அவள் இருக்கலாமா, எதுவரைக்கும் இருக்கலாம் என்பதைத் திண்டிவனத்து அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும்.

உன்னை நினைத்து நாலு வார்த்தை அழுது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதனால் இதை மூடி வைக்காமல் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை, மற்றவர்களாவது படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

யுத்தம் முடிந்த கையோடு நீ ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாய். முதலில் அரிசி ஆலையில் வேலை, பிறகு சொந்தமாக ஒரு பாத்திரக்கடை. அங்கேயே மா தின் என்ற பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டாய். மல்லிகா பிறந்தாள். அப்புறம் அந்த ஊர் ராணுவம் ஆட்சிக்கு வந்தது, கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. உன் கடையும் போனது. கப்பல் ஏறும்போது அண்ணியின் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றிக்கொண்டுதான் விட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு மூன்று பேரும் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள்.

நைனா அன்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். அண்ணி முகத்தில் அவள் நாட்டு வழக்கப்படி மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தாள். "இன்னாடா இது, மொகத்துல சந்தனத்த அப்பிக்கினு நிக்குது? நாடகத்துல வேஷம் கட்டப் போறாளா?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அண்ணிதான் சிரித்தாள். "வெயிலுக்கு நல்லது மாமா, உங்களுக்கும் போட்டு உடட்டா?" என்று தமிழில் கேட்டாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரங்கூனில் பாதித் தெரு தமிழ் பேசும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கப்பலில் வந்தவர்களுக்கு சர்க்கார் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். அகதி என்று சொல்லக்கூடாதாம். அந்தப் பெயரைக் கேட்டு நீ பெருமைப்பட்டாய். எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. நீ திரும்பினாய், சரி. அண்ணி எங்கிருந்து எங்கே திரும்பினாள்? அவள் வந்தாள். தாயையும் கூடப்பிறந்தவர்களையும் விட்டுவிட்டு உன் பின்னால் வந்தாள். வந்தவளுக்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி கொடுத்தோம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். நைனா கட்டிலில் படுத்திருந்தார், அண்ணி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவலூர்பேட்டை வியாபாரி ஒருவருக்கு உரித்துக் கொடுக்கும் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது.

"இந்தம்மா வெளிநாட்டு ஆளு. மாசா மாசம் ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"இத்தினி நாளு போடலியே?" என்றேன்.

"அப்ப புருஷன் இருந்தான். புருஷனோட தங்கலாம்னுதான் பர்மிட்டு. இப்ப புருஷன் எங்க? பர்மிட்டும் இல்ல. மேல எழுதியிருக்காங்க. அவங்க போன்னா போவணும்."

அண்ணி கையில் இருந்த தோலைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: "எங்க போவணும்?"

"எங்கிருந்து வந்தியோ அங்கதான்."

"மல்லிகா?"

"கொழந்த அப்பன் பிரயாணத் தாளுல வந்திருக்குது. அது இங்க இருக்கலாம்."

அவர் இதை நல்ல சேதி மாதிரிச் சொன்னார், அண்ணே. மல்லிகா உன் தாளில் ஏறி வந்தாள், அதனால் இருக்கலாம். அண்ணி தன் பெயரில் பர்மா சர்க்கார் கொடுத்த தனித் தாளில் வந்தாள், அதனால் போகலாம். ஒரே கப்பல், ஒரே தகரப் பெட்டி. ஏழு வயசுக் குழந்தை இந்தியாவாம், அதைப் பெற்றவள் பர்மாவாம். அந்த மாதமே ரேஷன் கார்டிலும் அண்ணி பெயரை அடித்துவிட்டார்கள். அரிசிக்கு ஊரே அல்லாடிய நேரம் அது. நாலு பேர் மூன்று பேர் அரிசியைத் தின்றோம்.

இந்த நேரத்தில்தான் ராகவன் வந்தார். சென்னையில் சட்டத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், முப்பது வயது இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் குடியுரிமைச் சட்டத்துக்கும் உள்ள சிக்கல்தான் அவர் ஆராய்ச்சி. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். வேறு எல்லோரும் செஞ்சிக்குக் கோட்டையைப் பார்க்க வருவார்கள். இவர் ராஜகிரி மலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேராக நம் வீட்டுக்கு வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. மரியாதை தெரிந்தவர், அண்ணியை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மறுபடி மறுபடி வந்தார். நம் வீட்டில் சாப்பிட்டார். என்னவெல்லாமோ கேட்டார். எந்தத் தெருவில் கல்யாணம், யார் யார் வந்தார்கள், கப்பலில் எந்தத் தளம். ஒருநாள், "உங்களுக்குக் கனவு எந்த பாஷையிலம்மா வரும்?" என்று கேட்டார். அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "கனவுல யாரும் பேசறதில்ல சார். எல்லாரும் கப்பல் ஏறிக்கினே இருக்காங்க" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர்தான் உன்னைப் பற்றிய குண்டையும் போட்டார்.

"உங்க அண்ணன் ரங்கூன்ல இருந்தப்ப இந்தியத் தூதரகத்துல தன் பேரைப் பதிஞ்சு வெச்சிருந்தாரா?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எத்தினியோ வாட்டி சொன்னேன் சார். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் போயி பதிஞ்சிட்டு வந்தாங்க. இவரு போவல. 'நான் செஞ்சிக்காரன். செஞ்சிக்காரன்னு எவன் எனக்கு எழுதிக் குடுக்கணும்?'னுவாரு. கல்யாணத்தையாவது எழுதி வைங்கன்னேன். 'நீ என் பொண்டாட்டின்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், இன்னும் யாருக்குத் தெரியணும்?'னாரு."

யாருக்குத் தெரியணுமா? ஏட்டுக்குத் தெரியணும், அண்ணே. திண்டிவனத்தில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்குத் தெரியணும். ரேஷன் கடைக்காரனுக்குத் தெரியணும். உன் வீறாப்புப் பேச்சைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேசிவிட்டு நீ போய்விட்டாய். அந்தப் பேச்சுக்கு மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறவள் அவள்.

ராகவன் விளக்கமாகச் சொன்னார். நாட்டுக்குச் சட்டம் எழுதி அமலுக்கு வந்த நாளில் யார் இங்கே குடியிருந்தார்களோ அவர்கள் இந்தியர்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் தூதரகத்தில் பதிந்திருந்தால் இந்தியர்கள். நீ அன்று ரங்கூனில் இருந்தாய், பதியவில்லை. ஆகவே நீ இந்தியனா என்பதே சந்தேகம். நீ இந்தியன் இல்லையென்றால் அண்ணி இந்தியனின் மனைவி இல்லை, அந்த வழியாக அவள் விண்ணப்பம் போட முடியாது.

நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார் சொல்ற? இந்த ஊட்டுலதான் பொறந்தான். இந்த ஊட்டுலதான் செத்தான். அவன் இந்தியன் இல்லன்னா நான் யாரு, சீமத்துரையா?"

"நான் சொல்லலீங்க. சட்டம் அப்படி இருக்கு. ரொம்ப சுவாரசியமான கேள்வி இது" என்றார் ராகவன்.

சுவாரசியம். அந்த வார்த்தை என் காதில் இன்னும் கிடக்கிறது.

வெளியேறச் சொல்லி அண்ணிக்கு உத்தரவும், ஆட்சேபம் இருந்தால் சொல்ல விசாரணைத் தேதியும் வந்ததும் ராகவனுக்கு எழுதினேன். பதில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானே பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனால், அவர் ஒரு கூட்டத்தில் கட்டுரை வாசிக்கிறார் என்றார்கள். உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். இங்கிலீஷில்தான் வாசித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதியிலேயே நம் வீடு இருந்தது. நீ கப்பல் ஏறியது, காமாலை, மல்லாட்டை, கப்பல் ஏறும் கனவு எல்லாம் வந்தன. அண்ணியின் பெயர் மட்டும் ஒற்றை எழுத்தாக மாறியிருந்தது. கனவு வந்த இடத்தில் நாலைந்து பேர் தலையை ஆட்டி ரசித்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

எழுந்து நின்றேன். தமிழிலேயே கேட்டேன்.

"நீங்க சொன்ன அந்தம்மா என் அண்ணி. அடுத்த வாரம் அவங்கள திண்டிவனத்துல விசாரிக்கிறாங்க. அவங்களுக்காக யாரு பேசப் போறீங்க?"

மேடையில் நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது ஆராய்ச்சிக் கூட்டம். மனு வாங்குற ஆபீஸ் இல்ல. உட்காருங்க."

நான் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன். ராகவன் பின்னாலேயே ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீங்க என்னைப் புரிஞ்சுக்கணும். நான் ஆராய்ச்சி பண்றவன். ஒரு பக்கம் சாஞ்சு நின்னுட்டேன்னா என் எழுத்துக்கு மதிப்பே இல்லாம போயிடும்."

"எங்க ஊட்டுல உக்காந்து சோறு துன்னப்ப எந்தப் பக்கம் சாஞ்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். ஆசிரியை, பொம்பளை, பட்டணத்துத் தெரு, எதுவும் எனக்கு உறைக்கவில்லை. பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை கோபத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆனால் அவர் வந்தார். பொய் சொல்லக்கூடாது. விசாரணை அன்று காலையில் செஞ்சி பஸ் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். திண்டிவனம் போகிறவரை அண்ணிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "நான் சட்டத்தைப் பேசிக்கிறேன்மா. கடைசியில அதிகாரி உங்களை ஒரு கேள்வி கேப்பார். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்." என்ன கேள்வி என்று அண்ணி கேட்டாள். பஸ் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். வக்கீல் கூடாது என்றார். நான் வக்கீல் இல்லை, தெரிந்தவன் என்றார் ராகவன். சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. ராகவன் இங்கிலீஷில் பேசினார். தடங்கலே இல்லாமல், அழகாகப் பேசினார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார், நடுவில் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அதிகாரி அண்ணியிடம் திரும்பினார்.

"இவர் சொன்னது புரிஞ்சுதாம்மா? அந்நியனைக் கட்டிக்கிட்டு வெளிய போனதால பர்மா உன்னைத் திரும்ப ஏத்துக்காது. இங்கயும் நீ குடிமகள் இல்ல. ஆக உனக்குன்னு எந்த நாடும் கிடையாது, நீ நாடற்றவ. அனுப்பறதுக்கு ஒரு இடம் இல்லாததால அனுப்பக்கூடாதுன்னு கேக்கறார். நீயும் அதைத்தான் சொல்றியா?"

ஆமா. அந்த ஒரு வார்த்தைதான். ராகவன் அண்ணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லித் தொலையேன் அண்ணி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இல்ல சார். எனக்கு நாடு இல்லன்னு எழுதாதீங்க. எங்கம்மா அங்க உசிரோட இருக்காங்க. நான் பொறந்த ஊடு இருக்குது. இங்க என் புருஷன் ஊடு இருக்குது, என் மாமனாரு இருக்காரு, என் பொண்ணு இருக்குறா. ரெண்டு ஊரு இருக்குறவள ஊரே இல்லாதவன்னு எப்பிடி சார் சொல்லுவீங்க?"

"அம்மா, அவர் உனக்கு நல்லதுக்குத்தான்..."

"எங்கம்மாவ இல்லன்னு சொல்லிட்டு எனக்கு நல்லது வாணாம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதினார். பர்மா தன் நாடு என்று இவளே ஒப்புக்கொள்கிறாள், ஆகவே அங்கே திருப்பி அனுப்பத் தடையில்லை. அவ்வளவுதான். அவள் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதிப் பாதிக்கு அவர் தாளில் இடமில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ராகவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்கம்மா. ஜெயிச்சிருப்போம். ஒரு வார்த்தை!"

அண்ணி அழவில்லை. "சார், அன்னிக்கி எங்க ஊட்டுக்கு வந்து என்னப் பத்தி அம்மாம் கேள்வி கேட்டீங்க. எனக்கு இன்னா வேணும்னு ஒரு வாட்டி கேட்டீங்களா? இன்னிக்கி உள்ளயும் என்னப் பத்திதான் பேசினீங்க. எனக்காகப் பேசுங்கன்னுதான் உங்களக் கூட்டியாந்தோம்."

ராகவன் எங்களோடு பஸ்ஸில் ஏறவில்லை. சென்னை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அவ்வளவுதான், அவரை இனிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், அதிகாரியைத் திட்டினேன், மனசுக்குள் அண்ணியையும் திட்டினேன். கடைசியில் உன்னைத் திட்டினேன். உன்னைத் திட்டியதுதான் நிறைய நேரம்.

மறுவாரம் ராகவன் ஒரு வயதான வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். உள்ளே வந்ததும் அண்ணி முன்னால் தரையில் உட்கார்ந்தார். எழுதுவதற்கு நோட்டை எடுக்கவில்லை. "என்ன சொல்லணும்னு நீங்க சொல்லுங்கம்மா. அதை எப்படிச் சட்டத்துல சொல்றதுன்னு நாங்க பார்க்கறோம்" என்றார்.

அண்ணி உடனே சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு செஞ்சிக்காரரு. நான் அவரு பொண்டாட்டி. இது என் ஊடு. எங்கம்மாவையும் நான் வுட்டுத் தரமாட்டேன்."

வயதான வக்கீல் சிரித்தார். "இதுல வழக்கு இருக்கு" என்றார்.

ஹைகோர்ட்டுக்குப் போனோம். அண்ணியின் வாக்குமூலத்தில் பாதியை வைத்து உத்தரவு போட்டது செல்லாது என்று நீதிபதி சொன்னார். முதலில் அவள் கணவன் எந்த நாட்டுக்காரன் என்று முடிவு செய், அதுவரை அவளை அனுப்பாதே என்று அதே அதிகாரிக்கே திருப்பி அனுப்பினார். ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ராகவன் விளக்கினார். நீ ரங்கூனில் இருந்தாலும், என்றைக்காவது செஞ்சிக்குத் திரும்பும் எண்ணத்தோடு இருந்தாய் என்று காட்டினால் போதும். உன் குடியிருப்பு செஞ்சிதான் என்று ஆகிவிடும், நீ இந்தியன் ஆகிவிடுவாய்.

எண்ணம்! செத்துச் சாம்பலாகி சங்கராபரணி ஆற்றில் கரைந்துபோனவனின் எண்ணத்தை எங்கே போய்ப் பிடிப்பது? நீ என்ன நினைத்தாய், அண்ணே? எங்களுக்கு எப்போதாவது ஒரு கடிதம் போடுவாய். அதில் மழையைப் பற்றி எழுதுவாய், உடம்பைப் பற்றி எழுதுவாய். வருகிறேன் என்று ஒருமுறை எழுதியிருக்கக் கூடாதா?

இரண்டாவது விசாரணைக்கு நைனாவைக் கூப்பிட்டார்கள். அவரைக் கூட்டிப்போக எனக்கு மனசில்லை. ஏனென்றால் நீ எப்படிப் போனாய் என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். நிலத்தை விற்பதைப் பற்றி அவரோடு சண்டை போட்டு, "இனிமே இந்த ஊர்ல கால வெக்க மாட்டேன்" என்று வாசலில் நின்று கத்திவிட்டுத்தான் நீ போனாய். நைனா பொய் சொல்லத் தெரியாதவர். சாமி மேல் சத்தியம் என்றால் உள்ளதைக் கொட்டிவிடுவார். போகும் வழியில், "நைனா, அந்தச் சண்டைய சொல்லாதீங்க" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு வெற்றிலையை மென்றார்.

அதிகாரி கேட்டார்: "உங்க மகன் ஊரை விட்டுப் போகும்போது திரும்பி வர்ற எண்ணத்தோட போனாரா?"

"வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றார் நைனா.

ராகவனின் கை என் பக்கத்தில் நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"எழுதாத சார், இன்னும் முடியல" என்றார் நைனா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பன்கிட்ட கோவிச்சிக்கினு வரமாட்டேன்னு போறவன் யாரு சார்? ஊரு இருக்குறவன்தான் அப்பிடி சொல்லுவான். அசலூர்க்காரன் என்கிட்ட வந்து வரமாட்டேன்னு இன்னாத்துக்கு சொல்றான்? நான் கூப்புடுவேன்னு பாத்துக்கினே இருந்தான் சார். நான் கூப்புடல. அவன் எண்ணத்தக் கேக்குறியே, என் எண்ணத்த எழுதிக்க. என் புள்ள வருவான்னுதான் கெடந்தேன். வந்தான். பொண்டாட்டி புள்ளையோட வந்தான். அந்தப் பொண்ணுதான் இன்னிக்கி எனக்குக் கஞ்சி ஊத்துறா. அவள அனுப்பிட்டு என்ன யாருகிட்ட வுடப் போற?"

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். இந்த முறை முழுவதையும் எழுதினார். நைனா வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். அண்ணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

போன மாதம் உத்தரவு வந்தது. நீ இந்தியன், அண்ணே. சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது. செத்து மூன்று வருஷம் ஆகப்போகிற நேரத்தில் உனக்கு நாடு கிடைத்திருக்கிறது. சந்தோஷமா? நீ இருந்த காலத்தில் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது. அதற்காக உன் மனைவி பேச்சு வாங்கினாள், உன் கிழட்டு அப்பன் சபையில் அழுதார், நான் பட்டணத்துத் தெருவில் கத்தினேன்.

இந்தியனின் மனைவி என்ற முறையில் அண்ணி இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அது மேலே போயிருக்கிறது. பதில் வரும்வரை ஆறு மாதம் தங்கலாம், பிறகு இன்னொரு ஆறு மாதம் கேட்கலாம். ஸ்டேஷன் கையெழுத்து நிற்கவில்லை. ஏட்டு இப்போது அவளுக்கு நாற்காலி போடுகிறார். நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ராகவன் தன் ஆராய்ச்சியைத் திரும்பவும் எழுதுகிறாராம். அச்சில் போகும் முன் அண்ணியிடம் வந்து, "உங்களைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டார். "எழுதுங்க. ஆனா பேர மாத்தாதீங்க. ஏழுமலை பொண்டாட்டி மா தின், செஞ்சின்னு போடுங்க" என்றாள். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மீதியை வைத்திருக்கிறேன், அவருக்கு நல்லது.

போகாத கோபம் வேறு. அண்ணியைப் போல இன்னும் எத்தனை பேர் முகாம்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்? கணவன் செத்துப்போனவள், கத்துவதற்கு ஒரு நாத்தனார் இல்லாதவள், "வருவான்னு கெடந்தேன்" என்று சொல்ல ஒரு மாமனார் இல்லாதவள். நாடில்லை என்று ஒத்துக்கொண்டால் இருக்கலாம், உண்டு என்று சொன்னால் போக வேண்டும் என்றால் அவர்கள் எதைச் சொல்வார்கள்? அவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் வருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க யார் வருகிறார்கள்? இதைப் படிக்கிறவர்களில் யாராவது பதில் சொல்லுங்கள். என் அண்ணன் சொல்லமாட்டான்.

அண்ணே, உன் படம் கூடத்தில் தொங்குகிறது. தினமும் அதற்குப் பூ வைப்பவள் அண்ணி. நான் ஒருநாளும் வைத்ததில்லை. அவள் கேட்டால் தோட்டத்தில் பூ இல்லை என்று சொல்லிவிடுவேன். இருக்கும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளை எந்த அதிகாரி கூப்பிட்டாலும் முதல் வார்த்தையை அவள்தான் பேசுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். இந்த ஊர்க்காரி என்று அவளுக்கு எழுதிக் கொடுக்கும்வரை ஓயமாட்டேன். கொடுத்த அன்று சாயங்காலம் கடைத்தெருவில் நானே மாலை வாங்கி வந்து உனக்குப் போடுவேன். அதுவரை நீ அங்கிருந்தே பார்த்துக்கொண்டிரு. என்னிடம் மட்டும் சிரிக்காதே.

உன்மேல் கோபம் தீராத, உன்னைத் தவிர வேறு அண்ணன் இல்லாத,
உன் தங்கச்சி பச்சையம்மாள்,
செஞ்சி.